கையேட்டை யார் எழுதுவது?

கேள்வி: வண்ணார்பேட்டையில் ஐந்து நிரலாளர்களுடன் சிறிய மென்பொருள் நிறுவனம் ஒன்றை நடத்தி வருகிறேன். நயினார்குளம் சந்தையிலும் சுற்று வட்டாரத்திலும் உள்ள மொத்தக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்து தருகிறோம். எங்கள் நிரலாளர் ஒருவரே பயனர் கையேடு எழுதியிருக்கிறார். ஆனால் கடைக்காரர்கள் அதைப் புரட்டிப் பார்க்காமல் எங்களுக்கே போன் செய்கிறார்கள். இதற்கெனத் தொழில்முறை எழுத்தாளர் ஒருவரை அமர்த்துவது அவசியமா?
– வாசகர் ஒருவர், திருநெல்வேலி

பதில்: அவசியம் என்றே சொல்வேன். உங்கள் நிரலாளருக்கு எழுத வராது என்பதனால் அன்று. தாம் உருவாக்கிய மென்பொருளை முதன்முதலாகப் பார்ப்பவரின் கண்ணோடு அவரால் இனிப் பார்க்க இயலாது என்பதனால். அவருடைய கையேட்டில் ‘கிரெடிட் நோட்’ (வாங்கியவர் தர வேண்டிய தொகையைக் குறைத்து விற்பவர் கொடுக்கும் சீட்டு) என்ற தலைப்பின் கீழ், இந்தப் பொத்தானை அழுத்தினால் கிரெடிட் நோட் உருவாகும் என்றுதான் இருக்கும். கல்லாவில் இருப்பவரின் கவலையோ வேறு: நேற்று பில் போட்டு அனுப்பிய பத்து மூட்டையில் இரண்டு திரும்பி வந்துவிட்டன, பழைய பில்லைத் திருத்துவதா, புதிதாக ஒன்று போடுவதா? சரக்கு திரும்பினால் கிரெடிட் நோட் கொடுக்க ஜி.எஸ்.டி. சட்டத்தின் 34ஆம் பிரிவு வழிசெய்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நல்ல எழுத்தாளர் அந்தப் பக்கத்துக்கு ‘அனுப்பிய சரக்கு திரும்பி வந்தால்’ என்று தலைப்பிடுவார்.

ஆகவே ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது மொழிநடையைவிட, அவர் என்னென்ன கேள்விகள் கேட்கிறார் என்பதையே கவனியுங்கள். பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் இலக்கியமோ வணிகவியலோ படித்தவர்களிலேயே இதற்குத் தகுந்தவர்கள் கிடைப்பார்கள் என்பது என் நம்பிக்கை. ஊதியம் கொடுத்தே ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தை ஒரு கடை ஊழியரிடம் கொடுத்து, குறுக்கே ஒரு வார்த்தையும் பேசாமல் அருகில் இருந்து பாருங்கள். அவர் தயங்கி நிற்கும் இடத்தைக் கண்டதும், தற்காப்புப் பேசாமல் உடனே திருத்த முனைபவரே உங்களுக்கு வேண்டியவர். பக்கக் கணக்கில் கூலி பேசாதீர்கள், பக்கம்தான் பெருகும். நிரலாளர்கள் வாரத்தில் சில மணி நேரமாவது அவருடைய ஐயங்களுக்கு விடை சொல்ல ஒதுக்காவிட்டால், எவ்வளவு திறமையானவரை அமர்த்தினாலும் பயனில்லை.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. மாதச் சம்பள ஊழியர் வேலையின் பகுதியாக எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை பதிப்புரிமை நிறுவனத்துக்கே உரியது. வெளியாள் எழுதிக் கொடுத்தால், 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி அது பொதுவாக எழுதியவருக்கே உரியது; கையொப்பமிட்ட எழுத்துமூல ஒப்பந்தத்தால்தான் உங்களுக்கு மாறும். அதிலும் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும், எல்லையைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றே சட்டம் கொள்ளும். எனவே இவ்விரண்டையும், திருத்தக்கூடிய மூலக் கோப்புகளை ஒப்படைக்க வேண்டும் என்பதையும் வேலை தொடங்கும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.