தாமதமான பிராஜெக்டும் செட்டியார் பொம்மையும்

மென்பொருள் துறையில் 26 ஆண்டுகள் குப்பை கொட்டியவர், வாசகர்களின் புத்தகக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

டீம் லீடாக இருந்த என்னை மேனேஜராக்கிவிட்டார்கள். எனக்குக் கீழே ஏழு பேர். கோட் எழுதத் தெரியும், ஆட்களை வைத்து வேலை வாங்கத் தெரியவில்லை. ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்களேன்.
*– ஒரு வாசகர், கோவை*

ஃபிரெட் புரூக்ஸ் எழுதிய 'தி மிதிக்கல் மேன்-மந்த்'. 1975-இல் வந்தது. பழசு என்று முகம் சுளிக்காதீர்கள். ஐபிஎம்மின் சிஸ்டம்/360 கணினிகளுக்கு இயங்குதளம் செய்தபோது பட்ட அடிகளை எழுதிவைத்திருக்கிறார். ஏற்கெனவே தாமதமாகிவிட்ட பிராஜெக்டில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும். இதைத்தான் புரூக்ஸ் விதி என்கிறார்கள்.

நான் அதைப் படிக்காமல், பட்டுத் தெரிந்துகொண்டேன். 2006. அப்போது இருந்த கம்பெனியில் (பெயர் வேண்டாமே) ஒரு இன்ஷூரன்ஸ் பிராஜெக்ட் ஆறு வாரம் பின்தங்கிக் கிடந்தது. நாங்கள் ஐந்து பேர். மேலிடத்தில் நச்சரித்து இன்னும் நாலு பேரை வாங்கிவிட்டேன். சாதித்துவிட்ட நினைப்பு! முதல் வாரம் அந்த நாலு பேருக்கும் உட்கார இடமில்லை. இரண்டாவது வாரம் லாகின் வரவில்லை. மூன்றாவது வாரம் எல்லாம் வந்துவிட்டது. ஆனால் பிரீமியம் கணக்கிடும் மாட்யூல் எப்படி ஓடுகிறது என்பது ஒரே ஒரு பெண்ணுக்குத்தான் தெரியும். அவள் காலையிலிருந்து சாயங்காலம் வரை நாலு பேருக்கும் டீச்சராகிப் போனாள். அவள் செய்ய வேண்டிய வேலை போட்டது போட்டபடி கிடந்தது. ஆறு வாரத் தாமதம் பத்து வாரமானது.

புத்தகத்தில் இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ஐந்து பேர் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள 10 ஜோடிகள். ஒன்பது பேர் என்றால் 36. ஆள் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, பேச்சு மூன்றரை மடங்குக்கு மேல் போய்விட்டது. அந்த வருஷக் கடைசியில் இதைப் படித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது வருஷம் முன்பே ஒரு மனுஷன் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார், எங்கள் கம்பெனியில் ஒருத்தர் வாயிலும் அது வரவில்லையே! 1995-இல் வந்த பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள், அதில் நாலு அத்தியாயம் கூடுதல்.

ஒன்றுதான் கேட்டீர்கள். கொசுறாக இன்னொன்று: இன்டெல்லின் ஆண்டி குரோவ் 1983-இல் எழுதிய 'ஹை அவுட்புட் மேனேஜ்மென்ட்'. காலைச் சிற்றுண்டி தயாரிப்பதில் ஆரம்பிக்கிறார். முட்டை வேகத்தான் அதிக நேரம் பிடிக்கும், அதை வைத்து மற்றதை அடுக்கு என்கிறார். இட்லிக் கொப்பரையை அடுப்பில் ஏற்றிவிட்டுத் தேங்காய் துருவ உட்காரும் எந்த அம்மாவுக்கும் இது தெரியும். எனக்குப் பயன்பட்டது வேறொரு பகுதி. ஒருவரைத் தனியாக உட்கார வைத்துப் பேசும் கூட்டம் அவருடைய கூட்டம், என்ன பேசுவது என்பதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும் என்கிறார். அதுவரை அந்த அரைமணி முழுக்க நான்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

எங்கள் லீட் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் பின்னால் வந்து நின்று, "ஸ்டேட்டஸ் என்னம்மா?" என்கிறார். அவருக்கு ஏதாவது புத்தகம்?
*– ஒரு வாசகி, சென்னை*

டாம் டிமார்கோவும் டிமத்தி லிஸ்டரும் எழுதிய 'பீப்பிள்வேர்' (1987). வேலையில் மனம் ஒன்றிப் போகவே பதினைந்து நிமிஷமாவது ஆகும் என்று சொல்கிற புத்தகம். அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். முதல் பக்கத்தில் உங்கள் பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள்.

கல்லூரி முடித்து இரண்டு வருஷமாக கோட் எழுதுகிறேன். பெரிய ஆங்கிலப் புத்தகங்கள் முப்பது பக்கத்தைத் தாண்ட மாட்டேன் என்கின்றன.
*– ஒரு வாசகி, தென்காசி*

தாண்ட வேண்டாம். மார்ட்டின் ஃபௌலரின் 'ரீஃபாக்டரிங்'கை (கோட் செய்கிற வேலை மாறாமல் அதை உள்ளே சீர்படுத்துவதற்கு அப்படிப் பெயர்) அகராதி மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். முதல் அத்தியாயத்தை மட்டும் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர் மாற்றுகிற ஒவ்வொரு வரியையும் நீங்களும் மாற்றிப் படியுங்கள். 2018 பதிப்பில் உதாரணங்கள் ஜாவாஸ்கிரிப்டில் இருக்கின்றன.

உட்கார்ந்து படிக்க என்றால், ஆண்ட்ரூ ஹன்ட்டும் டேவிட் தாமஸும் எழுதிய 'தி பிராக்மாட்டிக் புரோகிராமர்'. 1999-இல் வந்தது, 2019-இல் புதுப்பித்தார்கள். குட்டிக் குட்டித் தலைப்புகள், பஸ்ஸில் படிக்கத் தோது. பிழை பிடிபடாவிட்டால் ஒரு ரப்பர் வாத்துக்கு உன் கோடை வரி வரியாக விளக்கிச் சொல் என்பது அதில் வரும் யோசனை. வாத்துக்கு நான் எங்கே போக? கொலுவில் மூக்கு உடைந்த செட்டியார் பொம்மையை ஆபீசுக்கு எடுத்துப் போனேன். "இந்த லூப் இங்கே முடியுது செட்டியார்..." என்று சொல்லும்போதே பலமுறை தப்பு தெரிந்துவிடும். பக்கத்து சீட்டுக்காரர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு கடன் கேட்டார்கள்.

காசு செலவில்லாமல்?
*– ஒரு மாணவர், சேலம்*

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2020-இல் இணையத்தில் போட்ட 'மிஸ்ஸிங் செமஸ்டர்' பாடங்கள். ஷெல் (கட்டளைகளை டைப் செய்து கம்ப்யூட்டரை இயக்குவது), கிட் (கோடில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) மாதிரி, வகுப்பில் யாரும் உட்கார்ந்து சொல்லித்தராத விஷயங்கள். சர்வர் பக்கம் வேலை பார்க்கும் எண்ணமிருந்தால், இணையச் சேவைகள் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வது பற்றிக் கூகுள்காரர்கள் 2016-இல் எழுதிய 'சைட் ரிலையபிலிட்டி இன்ஜினியரிங்' இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

ஏஐ கோட் எழுதும் காலத்தில் இந்தப் பழைய புத்தகங்கள் எதற்கு?
*– ஒரு வாசகர், பெங்களூரு*

புரூக்ஸ் ஒரு பிராஜெக்டின் நேரத்தை இப்படிப் பங்கு போடுவார்: திட்டமிட மூன்றில் ஒரு பங்கு, கோட் எழுத ஆறில் ஒரு பங்கு, மிச்சம் பாதி முழுக்கச் சோதனைக்கு. அவர் கணக்குப்படி ஏஐ கண்ணிமைக்கும் நேரத்தில் கோட் முழுவதையும் எழுதித் தந்தாலும் மிச்சமாவது அந்த ஆறில் ஒரு பங்குதான். வாடிக்கையாளருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று கேட்டு வாங்குவதும், வந்தது சரிதானா என்று பார்ப்பதும் அப்படியே நிற்கின்றன. என் இன்ஷூரன்ஸ் பிராஜெக்டில் கோட் எழுத ஆள் பற்றாமல் போகவில்லை, விவரம் தெரிந்தவர் பற்றாமல் போனார்.

புத்தகத்தை நண்பர்களுக்கு இரவல் தரலாமா?
*– ஒரு வாசகர், மதுரை*

என் புரூக்ஸை 2011-இல் தந்தேன். நீல மையில் ஓரக்குறிப்பு எழுதிய பிரதி. 36 ஜோடிகள் பக்கத்தில் "ஐயோ" என்று எழுதியிருக்கும். யார் கையிலாவது இருந்தால் பத்திரிகை முகவரிக்கு அனுப்பிவையுங்கள், தபால் செலவு என்னுடையது.