போத்தலைக் கீழே வைக்கச் சொன்ன நானா

அன்புள்ள அண்ணா,

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஓர் அரச அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பிறந்தது 93இல், கிளிநொச்சிப் பக்கம். நாங்கள் வளர்ந்த காலத்தில் எங்கள் ஊர்களில் முஸ்லிம் ஆட்களே இல்லை, உங்களுக்குத் தெரியும்தானே. இப்போது எங்கள் பிரிவில் ஒரு நானா இருக்கிறார், நல்ல மனிசன். போன மாதம் வேலை விஷயமாக எல்லாரும் வானில் மன்னாருக்குப் போனோம். மல்லாவி தாண்டி ஒரு குளக்கட்டில் வானை நிறுத்தச் சொன்னார். துருசடியில் இறங்கி முகம் கை கால் கழுவிக்கொண்டு வந்தார். குடிக்கட்டும் என்று நான் தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன். "கீழ வையுங்க தங்கச்சி, எடுக்கிறன்" என்றார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. நான் என்ன தீட்டா?

பிறகு மரத்தடியில் துவாயை விரித்துத் தொழுதார். எங்கள் சாப்பாட்டுப் பை அவருக்கு முன்னால் கிடந்தது. எடுக்கப் போனேன், முகத்தைத் திருப்பாமலே கையை நீட்டி மறித்தார். கூப்பிட்டதற்கும் பதில் இல்லை. ஒருதரம் முடித்துவிட்டு உடனே எழும்பி இன்னொருதரம் தொழுதார். சாரதி ரேடியோவை நிறுத்திவிட்டார், நாங்கள் மூச்சுக் காட்டாமல் நின்றோம், அது சரியா என்றும் தெரியவில்லை. முடிந்த பிறகு அவர் வழக்கம்போலப் பகிடி விட்டுக்கொண்டுதான் வந்தார். அவரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்துதரம் அப்படி என்னத்தைக் கேட்கிறீர்கள்? கும்பிடுவது அந்தக் கறுப்புக் கட்டடத்தையா? பிழையாகக் கேட்டிருந்தால் மன்னிக்கவும்.

ஒரு வாசகி, முல்லைத்தீவு மாவட்டம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

பிழையாக ஒன்றும் கேட்கவில்லை. போத்தலிலேயே தொடங்குகிறேன், மனதில் உறுத்திக்கொண்டிருப்பது அதுதான் என்று கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

அவர் துருசடியில் செய்தது வெறும் கைகால் கழுவல் இல்லை, வுழூ. தொழுகைக்கு முன் அது இருக்க வேண்டும், அதற்கு ஒழுங்கும் உண்டு: கையை மணிக்கட்டு வரை கழுவி, வாய் கொப்பளித்து, மூக்குக்குள் தண்ணீர் செலுத்தி, முகம் கழுவி, முழங்கை வரை கை, ஈரக்கையால் தலையைத் தடவி, காதைத் துடைத்து, கடைசியில் கணுக்கால் வரை கால். ஒருதரம் செய்துவிட்டால் அது முறியும் வரை செல்லும். எதனால் முறியும் என்றால், மலசலம் கழித்தால், காற்றுப் பிரிந்தால், அயர்ந்து தூங்கினால், அப்புறம் எங்கள் வழியில் இன்னொன்றும் உண்டு. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலானோர் ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்கள். சுன்னி முஸ்லிம்களிடம் நான்கு சட்ட வழிகள் இருக்கின்றன, அதில் ஒன்று இது. இதன்படி, ஒருவரையொருவர் ஒருபோதும் திருமணம் முடிக்க முடியாத நெருங்கிய உறவுகளைத் தவிர, ஓர் ஆணும் பெண்ணும் தோலோடு தோல் பட்டுவிட்டால் வுழூ முறிந்துவிடும். அம்மா, சகோதரி, மகள் பட்டால் முறியாது. மனைவி பட்டால் முறியும். ஆமாம், கட்டின மனைவிதான். வுழூச் செய்துவிட்டு வருகிற மனிசனுக்கு மனிசி தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு ஒதுங்குவது எங்கள் வீடுகளில் தினமும் நடப்பது, அதில் கோபமும் இல்லை, அருவருப்பும் இல்லை. இன்னொருதரம் கிணற்றடிக்குப் போகும் அலுப்பு மிச்சம், அவ்வளவுதான். ஹனஃபி வழியில் இந்தச் சட்டம் கிடையாது, அவர்களுக்குத் தொட்டாலும் வுழூ இருக்கும்.

ஆகவே அவர் உங்களைத் தீட்டு என்று நினைக்கவில்லை. எங்கள் மார்க்கத்தில் மனிதத் தோல் யாருடையதாக இருந்தாலும் சுத்தம்தான். நீங்கள் பாவித்த சொல்லுக்காக இதையும் சொல்கிறேன்: மாதவிடாய் நாட்களில் எங்கள் பெண்கள் தொழுவதில்லை, விட்ட தொழுகையைப் பிறகு திருப்பித் தொழவும் தேவையில்லை (விட்ட நோன்பைத்தான் பிடிக்க வேண்டும்), ஆனால் சமைப்பதற்கோ ஒரே பாயில் இருந்து சாப்பிடுவதற்கோ ஒரு தடையும் இல்லை.

என்றாலும் நானா ஒரு வரி விளக்கியிருக்கலாம். "வுழூவோட இருக்கிறன் தங்கச்சி" என்று சொன்னாலும் உங்களுக்குப் புரிந்திருக்காது, அது வேறு விஷயம். எல்லாருக்கும் இது தெரிந்திருக்கும் என்று நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். பழைய ஆட்களுக்குத் தெரிந்தும் இருந்தது. நீராவிப்பிட்டியிலும் தண்ணீரூற்றிலும் இரண்டு சனமும் பக்கத்துப் பக்கத்து வளவில் இருந்த காலத்தில், பாங்கு சத்தத்தைக் கேட்டு நேரம் பார்த்த சைவ வீடுகள் எத்தனையோ. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரும் வெளியேற்றப்பட்ட பிறகு, புத்தளத்து முகாமில் ஒரு தலைமுறை வளர்ந்தது, வன்னிக்குள் ஒரு தலைமுறை வளர்ந்தது, ஒன்றை ஒன்று காணவில்லை. உங்களுக்குத் தொழுகை தெரியாமல் போனதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை. எங்கள் பிள்ளைகளில் பலருக்குப் பொங்கலுக்கு எந்தப் பக்கம் பார்த்துப் பானை வைப்பது என்று தெரியாது, அதுவும் இதே கதைதான்.

சரி, கையை நீட்டி மறித்தது. தொழுகிறவர் நிற்கிற இடத்துக்கும் அவர் நெற்றி படுகிற இடத்துக்கும் இடையில் யாரும் நடக்கக் கூடாது என்பது விதி. அதனால்தான் திறந்தவெளியில் தொழுகிறவர் முன்னால் ஒரு பையையோ தடியையோ ஹெல்மெட்டையோ வைத்துக்கொள்வார், அது எல்லை. அந்தச் சாப்பாட்டுப் பை தற்செயலாக அங்கே கிடந்திருக்காது என்றுதான் எனக்குப் படுகிறது. மீறி யாராவது வந்தால் தடுக்கச் சொல்லித்தான் நபிமொழியே இருக்கிறது, கோபம் அதில் கலக்கவில்லை. பையைத் தாண்டி அந்தப் பக்கமாகப் போயிருந்தால் அவர் கையை நீட்டியே இருக்க மாட்டார். பதில் பேசாததும் அப்படித்தான், வேண்டுமென்று ஒரு சொல் பேசினாலே தொழுகை முறிந்துபோகும். அதற்காக உலகம் இடிந்தாலும் அசைய மாட்டார் என்று நினைக்க வேண்டாம். பாம்பு வந்தால், தேள் வந்தால் தொழுகைக்குள் இருந்தபடியே அடிக்கலாம் என்று நபிமொழி இருக்கிறது, வன்னிக் காட்டோரத்தில் தொழுகிறவனுக்கு இது சும்மா ஏட்டுச் சட்டம் இல்லை. ஒரு குழந்தை கிணற்றில் விழப் போகிறது என்றால் தொழுகையை முறித்துவிட்டு ஓடத்தான் வேண்டும்.

இரண்டுதரம் தொழுதது பயணச் சலுகை. நாளுக்கு ஐந்து நேரம்: விடியுமுன் சுபஹ் 2 ரக்அத் (நின்று ஓதி, குனிந்து, நெற்றியை நிலத்தில் வைத்து எழும்புகிற ஒரு சுற்றுத்தான் ரக்அத்), சூரியன் உச்சி சாய்ந்ததும் ளுஹர் 4, பின்னேரம் அஸர் 4, சூரியன் மறைந்ததும் மஃரிப் 3, இருட்டியபின் இஷா 4. சுமார் 80 கிலோமீட்டருக்கு மேல் பயணம் போகிறவர் நாலை இரண்டாகச் சுருக்கலாம், ளுஹரையும் அஸரையும் ஒரே நேரத்தில் சேர்த்துத் தொழலாம், மஃரிபும் இஷாவும் அப்படியே. முல்லைத்தீவிலிருந்து மன்னார் அந்தத் தூரத்தைத் தாண்டிவிடும். ஆக, பின்னேரம் இன்னொருதரம் வானை நிறுத்தச் சொல்லாமல் இருக்கத்தான் அவர் இரண்டையும் ஒன்றாக முடித்திருக்கிறார், உங்கள் எல்லாருக்கும் அதில் நேரம் மிச்சம்.

இப்போது உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன், என்னத்தைக் கேட்கிறீர்கள் என்பது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், தொழுகையில் நாங்கள் கேட்பது மிகக் கொஞ்சம். கோயிலுக்கு நேர்த்தி வைத்துப் போகிறவர் ஒரு காரியத்தோடு போவார், முஸ்லிமுக்கும் காரியங்கள் உண்டு, அதற்குத் துஆ என்று தனியாக இருக்கிறது, தமிழிலேயே கேட்கலாம், எந்த நேரமும் கேட்கலாம். தொழுகை வேறு. கை இரண்டையும் உயர்த்தி "அல்லாஹு அக்பர்" என்று கட்டினால், அந்த நிமிடத்தில் இருந்து மற்றக் கதையெல்லாம் வெளியே. பிறகு ஃபாத்திஹா, எங்கள் ஊரில் அல்ஹம்து சூரா என்போம், ஏழே வசனம். இறைவனைப் புகழ்ந்து, உன்னையே வணங்குகிறோம், உன்னிடமே உதவி தேடுகிறோம் என்று சொல்லி, நேரான வழியைக் காட்டு என்று ஒரே ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு ரக்அத்திலும் இது உண்டு, ஐந்து நேரத்துக்கும் கூட்டினால் குறைந்தது 17 தரம், அதே விண்ணப்பம். சம்பள உயர்வு அதில் வராது.

பிறகு குனிந்து ருகூஉ, நிமிர்ந்து நின்று, சுஜூது. சுஜூதில் நெற்றி, இரண்டு உள்ளங்கை, இரண்டு முழங்கால், இரண்டு பாதத்தின் விரல்கள், இந்த ஏழும் நிலத்தில் பட வேண்டும், நெற்றியோடு மூக்கும். அடுத்தமுறை அவர் கால்விரல்களைப் பாருங்கள், மடங்கி நிலத்தில் ஊன்றியிருக்கும். ருகூஉவிலும் சுஜூதிலும் வாய் சொல்வது புகழ்ச்சிதான், மூன்றுதரம். ஆனால் சுஜூது இரண்டு, அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இருப்பு வரும், சில மூச்சு நேரம்தான், அவசரக்காரர்கள் அதைக் கிட்டத்தட்ட விழுங்கிவிடுவார்கள். உலகத்துத் தேவை எல்லாம் வந்து சேர்வது அங்கேதான்: என்னை மன்னித்துவிடு, இரக்கம் காட்டு, என் உடைசலைச் சீராக்கு, வாழ்வாதாரம் தா, வழி காட்டு, சுகம் தா. எனக்குத் தொழுகையில் மிகப் பிடித்த இடம் அதுதான். ளுஹரிலும் அஸரிலும் எல்லாம் வாய்க்குள்ளேயே ஓதுவது, அதனால் உங்களுக்கு எதுவும் கேட்டிருக்காது. சுபஹிலும், மஃரிப், இஷாவின் முதல் இரண்டு ரக்அத்திலும்தான் சத்தமாக ஓதுவார்கள். கடைசி இருப்பில் சுட்டுவிரலை நீட்டுவது இறைவன் ஒருவனே என்று சாட்சி சொல்கிற இடத்தில். வலப்பக்கமும் இடப்பக்கமும் முகம் திருப்புவது ஸலாம், பக்கத்தில் இருக்கிற மலக்குகளுக்கும் (வானவர்களுக்கும்) கூடத் தொழுகிறவர்களுக்கும், அதோடு முடிந்தது.

கறுப்புக் கட்டடம் கஃபா, மக்காவில் இருக்கிறது, நாங்கள் கும்பிடுவது அதை அல்ல. அது திசை. நபியவர்கள் மதீனாவுக்குப் போய் 16, 17 மாதங்கள் வரைக்கும் ஜெரூசலத்தைப் பார்த்துத்தான் தொழுதார்கள், பிறகுதான் மக்காவின் பக்கம் திருப்பப்பட்டது. கஃபாவுக்குள்ளேயே போய்த் தொழுகிறவர் எந்தச் சுவரையும் பார்த்துத் தொழலாம். எங்கள் பகுதியில் இருந்து பார்த்தால் மேற்கைப் பார்த்து நின்று கொஞ்சம் வலப்பக்கம், அதாவது வடக்குப் பக்கம், திரும்பினால் சரி. மத்தியானம் தாண்டிவிட்டால் வெயிலே காட்டிவிடும், இப்போது போனிலும் பார்க்கிறார்கள்.

ரேடியோவை நிறுத்தியது நல்ல மனம், கட்டாயம் இல்லை. சத்தத்தைக் குறைத்தாலே போதும், நீங்கள் உங்கள் பாட்டுக்குக் கதைத்துக்கொண்டிருக்கலாம், பார்க்கவும் செய்யலாம், அதில் ஒளிவுமறைவு கிடையாது. வுழூவோடு இருப்பவரிடம் எதையாவது கொடுக்க வேண்டுமென்றால் வான் சீட்டில் வைத்துவிடுங்கள். கொடுப்பவர் ஆணானால் கையிலேயே கொடுக்கலாம். அலுவலக நாய் அவர் பக்கம் வந்தால் துரத்திவிடுங்கள், அதன் எச்சில் பட்டால் ஏழுதரம் கழுவ வேண்டும், அதில் ஒருதரம் மண் கலந்த தண்ணீரால், பாவம் மனிசன் அதோடு அரை மணித்தியாலம் போய்விடும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. கள வேலைக்கு நாள் குறிப்பவர் நீங்கள் என்றால் வெள்ளிக்கிழமையை முடிந்தவரை தவிருங்கள். மற்றத் தொழுகையைக் குளக்கட்டிலும் தொழலாம், வெள்ளிக்கிழமை மத்தியானத் தொழுகையான ஜும்ஆவை அப்படித் தொழ முடியாது. பிரசங்கம் வேண்டும், ஜமாஅத் (கூட்டமாகத் தொழுவது) வேண்டும், எங்கள் வழியில் அந்த ஊரிலேயே குடியிருக்கிற ஆண்கள் 40 பேராவது வேண்டும். தூரப் பயணத்தில் இருப்பவருக்கு அது கட்டாயம் இல்லைதான், ஆனால் காலையிலேயே சொல்லிவைத்தால் பன்னிரண்டு மணிக்கு வவுனியாப் பக்கமானால் பட்டாணிச்சூரிலோ, முல்லைத்தீவுக்குள் என்றால் நீராவிப்பிட்டியிலோ இறங்கிக்கொள்வார், ஒன்றரைக்குள் திரும்பி வந்துவிடுவார்.