மாடு எத்தனைன்னு கேக்கக்கூடாது

வணக்கம் அண்ணா,

அமெரிக்காவுல நெப்ராஸ்கால இருந்தப்போ உங்களுக்குப் பழக்கமான, கிரேடர் (மண் ரோட்டைச் சீவி மட்டம் பண்ற வண்டி) ஓட்டுற பெரியவர் இறந்துட்டார்னு போன மாசம் நாலு வரி எழுதியிருந்தீங்க. 5,000 ஏக்கர், மாட்டுப்பண்ணைன்னு சொல்லிட்டு, 22 வருஷம் கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) ரோட்டுல சம்பளத்துக்கு வேலை பார்த்தார், பெரிய சமூக சேவைன்னு முடிச்சிட்டீங்க. அதான் புரியலைங்க. எங்கூர்ல 50 ஏக்கர் வெச்சிருக்கிறவர் பஞ்சாயத்து ரோட்டு வேலைக்குப் போவாரா? மொத்தம் எத்தனை மாடு இருந்துச்சு அவருகிட்ட? அப்புறம் என் மச்சான் ஜேசிபி ஆபரேட்டர், அங்க அந்த மாதிரி வேலைக்கு வர வழி இருக்குதுங்களா?

சு., தாராபுரம்

அன்புள்ள சு.,

மாடு எத்தனைன்னு எனக்கே தெரியாது. முதல் தடவை அவர் வீட்டுக்குப் போனப்ப கேக்கத்தான் வாயெடுத்தேன், கூட வந்த நண்பர் மேஜைக்கு அடியில காலை மிதிச்சிட்டார். அந்தப் பக்கம் அதைக் கேக்கிறது பேங்க்ல எவ்ளோ வெச்சிருக்கீங்கன்னு கேக்கிற மாதிரி. ஆனா கணக்கு நாமளே போட்டுக்கலாம். அவர் பண்ணை இருந்த சாண்ட்ஹில்ஸ் பகுதி பேருக்கேத்த மாதிரி மணல் மேடு, மேல புல்லு மட்டும் போர்த்தியிருக்கு. ஒரு மாடும் கன்னும் வருஷம் பூரா மேய 15, 20 ஏக்கர் வேணும். 1904ல கின்கெய்ட் சட்டம்னு ஒண்ணு போட்டு குடும்பத்துக்கு 640 ஏக்கர் குடுத்தாங்க, நமக்குக் கேக்கவே மலைப்பா இருக்கும், அது பத்தாம வந்தவங்கள்ல நிறைய பேர் வித்துட்டுப் போயிட்டாங்க. அப்படிப் பார்த்தா 5,000 ஏக்கர்ல 250, 300 மாடு. வருமானம் வருஷத்துக்கு ஒரே தடவை, இலையுதிர் காலத்துல கன்னுங்களை ஏலத்துக்குக் கொண்டு போறப்போதான், அந்தப் பணத்துலதான் பேங்க் கடன், சொத்து வரி, டிராக்டர் ரிப்பேர் எல்லாம். நிலத்தோட மதிப்பு காகிதத்துல கோடிக்கணக்குல இருக்கும், ஆனா விக்காத வரைக்கும் ஒரு டாலர் கைக்கு வராது.

இன்னொண்ணு மெடிக்கல் இன்சூரன்ஸ். அமெரிக்காவுல அது பெரும்பாலும் வேலையோட ஒட்டிக்கிட்டு வர்றது, சொந்தத் தொழில்காரன் தானே வாங்கணும்னா விலை கேட்டாலே நெஞ்சு வலிக்கும். அதனால பண்ணை வீடுகள்ல பெரும்பாலும் ஒருத்தராவது ஸ்கூலுக்கோ போஸ்ட் ஆபீஸுக்கோ கவுண்டிக்கோ வேலைக்குப் போவாங்க. பெரியவரே மறைக்காம சொல்லுவார், சம்சாரத்தோட இன்சூரன்ஸுக்குத்தான் கிரேடர்ல ஏறினேன்னு. இதுல பெரிய கூத்து என்னன்னா கவுண்டி சம்பளத்துல ஒரு பங்கு சொத்து வரியில இருந்து வர்றது, அதாவது அவர் கட்டுற வரியில கொஞ்சம் அவருக்கே சம்பளமா திரும்பி வந்துச்சு, அதைச் சொல்லிச் சொல்லி சிரிப்பார்.

அதனால சமூக சேவைன்னு நான் எழுதினது தப்பான வார்த்தை, வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா அந்த வேலை என்னன்னு பார்த்தாதான் ஏன் அந்த வார்த்தை வாயில வந்துச்சுன்னு புரியும். அவர் கவுண்டி பேர் வேண்டாம், அதே பகுதியில இருக்கிற செர்ரி கவுண்டியை எடுத்துக்கங்க, சுமார் 15,500 சதுர கிலோமீட்டர், நம்ம திண்டுக்கல்லையும் ஈரோட்டையும் சேர்த்தாலும் அதைவிடச் சின்னது, 2020 கணக்குப்படி அங்க ஜனம் 5,455 பேர். நடுவுல மணியே மாறும், மேற்கால ஒரு டைம் கிழக்கால ஒரு டைம். இந்த மாதிரி ஊர்ல ஸ்கூல் வண்டி, தபால், தீவன லாரி, ஆம்புலன்ஸ் எல்லாம் பல வீடுகளுக்கு வர்றது தார் இல்லாத மண் ரோட்டுலதான்.

மண் ரோட்டுல வண்டி ஓட ஓட குறுக்கால அலை அலையா மேடு விழும், துணி துவைக்கிற பலகை மாதிரி இருக்கும், அங்க அதுக்குப் பேரே அதுதான். காஞ்ச மண்ணை மேலாகச் சீவினா ஒரு வாரத்துல அதே அலை திரும்ப வந்துரும், மழை பெஞ்சு ஈரம் இருக்கிறப்போ அடி வரைக்கும் வெட்டி, நடுவுல கொஞ்சம் மேடா கேம்பர் வெச்சு, தண்ணி ரெண்டு பக்கமும் ஓடுற மாதிரி இழுக்கணும், ரொம்ப ஆழமா வெட்டிட்டா அடி மணல் கிளம்பி காத்து புடுங்க ஆரம்பிச்சிரும். சாண்ட்ஹில்ஸ்ல புல்லு கிழிஞ்ச இடம் அப்படியே குழியாகி வளர்ந்துக்கிட்டே போகும், பண்ணைக்காரங்க அதுல பழைய டயரை எல்லாம் போட்டு அடைச்சு வெச்சிருப்பாங்க. அதனால மழை வந்தா மத்தவங்க வீட்டுக்குள்ள போவாங்க, இவர் கிரேடர்ல ஏறுவார். என் கார் மணல்ல புதைஞ்ச அன்னிக்கும் அப்படி வந்தவர்தான், சங்கிலி போட்டு இழுத்துவிட்டுட்டு, இந்த டயரை வெச்சுக்கிட்டு இந்த ரோட்டுக்கு ஏன் வந்தேன்னு திட்டினார்.

பனிக்காலத்துல காலையில முதல்ல ஸ்கூல் வண்டி ரூட், அப்புறம் வயசானவங்க இருக்கிற வீடுங்க, அவரோட சொந்தப் பாதை கடைசி. 1949 ஜனவரி 2ஆம் தேதி ஆரம்பிச்ச பனிப்புயல் அப்போ அவருக்கு 6 வயசு. வாரக்கணக்கா வீடு மூடிக் கிடந்திருக்கு, கடைசில ராணுவம் வந்துச்சு, அந்த ஆபரேஷன் ஸ்னோபவுண்ட்ல சுமார் 1,15,000 மைல் ரோட்டைத் திறந்தாங்க. அவருக்கு அந்த எண்ணெல்லாம் நினைவில்லை. புல்டோசர் சத்தம் கேட்டதும் அம்மா அடுப்புல காபி வெச்சதைத்தான் சொல்லுவார். கிரேடர் மேல பிடிப்பு அங்க இருந்து வந்ததான்னு ஒரு தடவை கேட்டேன், இல்ல, இன்சூரன்ஸ்னார்.

புல்வெளியில தீப்பிடிச்சா அதே கிரேடரால தீயை மறிச்சு மண் கோடு இழுக்கணும். தீயணைப்புக்கு சம்பள ஆள் கிடையாது, பக்கத்துப் பண்ணைக்காரங்க பிக்கப்ல தண்ணி டேங்கும் பம்பும் வெச்சுக்கிட்டு வந்து சேர்வாங்க. வசந்தத்துல கன்னுங்களுக்குச் சூடு போடுற நாளுக்கும் அப்படித்தான், கூலி இல்ல, சாப்பாடு மட்டும், அடுத்த வாரம் இவர் அவங்க வீட்டுக்குப் போகணும். மொய் மாதிரிதான், நோட்டு மட்டும் கிடையாது. கிராமத்துத் தொடக்கப் பள்ளி போர்டுலயும் இருந்தார், 2005ல மாநிலம் சட்டம் போட்டு அந்தச் சின்னப் பள்ளி மாவட்டங்களையெல்லாம் பெரிய மாவட்டங்களோட சேர்த்துருச்சு, அந்தக் கோபம் கடைசி வரைக்கும் போகல, அந்தப் பேச்சை எடுத்தா அன்னிக்குச் சாப்பாடு லேட்.

மகான் எல்லாம் இல்ல. பிடிவாதக்காரர், ஜல்லி யார் வீட்டு முன்னாடி எவ்ளோ கொட்டினார்னு ரெண்டு வீட்டோட வருஷக்கணக்கா பேச்சுவார்த்தை இல்ல. ரோடு ஆளுக்கு கவுண்டியில இருக்கிற அத்தனை பேரும் முதலாளி, சர்ச்சுலயும் விடமாட்டாங்க, டீசல் போடுற இடத்துலயும் விடமாட்டாங்க, எங்க ரோடு எப்போன்னுதான் கேப்பாங்க.

மச்சான் விஷயம். ஆள் தேவை இருக்கத்தான் செய்யுது, ஆனா ஒரு கவுண்டி ஆபீஸ் விசா எடுத்துக் கூப்பிடும்னு நம்பாதீங்க, காசு கேட்டு எவனாவது ஏஜென்ட் வந்தா வாசல்லயே அனுப்பிருங்க. ஜேசிபி ஓட்டின கைதானேன்னு மச்சான் நினைச்சா அதுவும் வேண்டாம்னு சொல்லுங்க. எனக்கு ஒரு நாள் லீவரைக் குடுத்துப் பார்த்தார், நூறு அடி இழுத்தேன், அதைச் சரி பண்ண அவருக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு.