மியான்மர் போராட்டம்: செய்தி ஏன் நின்றது, உலகம் என்ன செய்தது?

2021 பிப்ரவரி 1 அன்று மியான்மரில் (பழைய பர்மா) ராணுவம் மறுபடியும் ஆட்சியைப் பிடித்தது. அதை எதிர்த்து நடக்கும் போராட்டங்களை ஊடகங்கள் எப்படிக் காட்டின, மற்ற நாடுகள் என்ன செய்தன என்று டெல்லித் தமிழர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் பல வருடங்கள் வேலை பார்த்தவள் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (முனிர்க்கா, கல்லூரி மாணவி): மேடம், 2021 தொடக்கத்தில் எந்தச் சேனலைத் திருப்பினாலும் மியான்மர்தான். எதிர்ப்பைக் காட்ட மூன்று விரல் உயர்த்துவது, ராத்திரி எட்டு மணிக்குப் பாத்திரம் தட்டுவது எல்லாம் பார்த்தோம். அப்புறம் ஏன் காணாமல் போய்விட்டது?

முதல் காரணம், செய்தி சேகரிப்பவர்களையே ராணுவம் குறிவைத்தது. 2021 மார்ச் 8 அன்று மியான்மர் நவ், டிவிபி, மிஸிமா, கித் தித், செவன் டே என ஐந்து ஊடகங்களின் உரிமத்தை ஒரே நாளில் ரத்து செய்தார்கள். நிருபர்கள் பலர் கைதானார்கள், மற்றவர்கள் எல்லை தாண்டினார்கள். இணையத்தையும் இரவு நேரங்களில் துண்டித்தார்கள்.

இரண்டாவது காரணத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. துப்பாக்கிச் சூடு அதிகமானதும் போராட்டம் உருமாறியது. 2021 டிசம்பர் 10 அன்று நாடு முழுக்க ‘மௌன வேலைநிறுத்தம்’ நடந்தது. பெரிய நகரமான யாங்கூனில் கடைகள் அடைப்பு, தெருக்களில் ஆள் நடமாட்டமே இல்லை. அன்றைக்கு வீட்டுக்குள் இருப்பதற்கே தைரியம் வேண்டும். கடையைத் திறக்காவிட்டால் நடவடிக்கை என்று மிரட்டல் இருந்தது. ஆனால் டிவிக்காரர்களுக்கு அது வெறும் காலித் தெரு. கூட்டமும் புகையும் இருந்தால்தான் அவர்களுக்குச் செய்தி. இதற்கிடையில் காபூல் விழுந்தது, அடுத்த வருடம் உக்ரைன் போர் வந்தது. கேமராக்கள் அங்கே போய்விட்டன.

கேள்வி (ரோகிணி, ஐடி ஊழியர்): அக்கா, இவ்வளவு கெடுபிடியில் படங்கள் எப்படித்தான் வெளியே வருகின்றன?

2021இல் எல்லார் கையிலும் செல்போன் இருந்தது தம்பி. ஆனால் இதற்கு வழிபோட்டவர்கள் 2007இல் புத்த பிக்குகள் தெருவில் இறங்கியபோது படம்பிடித்தவர்கள். டிவிபியின் நிருபர்கள் சின்னக் கேமராவைப் பையில் மறைத்து எடுத்துப்போய்ப் படம்பிடித்தார்கள். அது நார்வேயில் ஆஸ்லோவிலிருந்த டிவிபி அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து உலகச் சேனல்களுக்கு வந்தது. செப்டம்பர் கடைசியில் ராணுவம் இணையத்தையே மொத்தமாக அணைத்தது.

2007 செப்டம்பர் 27 அன்று யாங்கூனில் கென்ஜி நாகாய் என்ற ஜப்பானியப் பத்திரிகையாளர் சுட்டுக் கொல்லப்பட்டார். ராய்ட்டர்ஸின் அத்ரீஸ் லத்தீஃப் எடுத்த படம் இது: நாகாய் சாலையில் மல்லாந்து கிடக்கிறார், பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய், கூட்டம் சிதறி ஓடுகிறது. அந்த நிலையிலும் நாகாய் கேமராவை விடவில்லை, கையை உயர்த்திப் பிடித்திருக்கிறார். எங்கிருந்தோ வந்த குண்டு பட்டுவிட்டது என்றது அரசு. டிவிபி எடுத்த வீடியோவில் அவரைக் கிட்டத்திலிருந்து சுட்டது தெரிந்தது. அந்தப் புகைப்படத்துக்கு 2008இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. நாகாயின் கேமரா அவர் தங்கை கைக்கு வந்து சேர்ந்தது 2023இல்தான். உள்ளூர் நிருபர்கள் இப்படி எத்தனையோ பேர் பட்டிருக்கிறார்கள், அவர்கள் பெயர் நம் செய்திகளில் வருவதில்லை. அது எனக்கு ரொம்ப வருத்தம்.

கேள்வி (அதே நண்பர்): 2021இல் சிஎன்என் குழு ராணுவ அனுமதியோடு உள்ளே போனது சரியா?

போனதைத் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் ராணுவக் காவலோடு சந்தைக்குப் போய் மக்களிடம் மைக்கை நீட்டினார்கள். பேசியவர்களில் சிலர் பிறகு பிடித்துச் செல்லப்பட்டார்கள். பலரைப் பிற்பாடு விட்டுவிட்டார்கள் என்றாலும், பேட்டி கொடுப்பவரின் பாதுகாப்பு பேட்டியைவிடப் பெரியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கேள்வி (கரோல் பாக், ஓய்வுபெற்ற அரசு ஊழியர்): 1988இல் நம் ஆல் இந்தியா ரேடியோ பர்மிய மாணவர்களுக்கு ஆதரவாகப் பேசியது. அந்த இந்தியா இப்போது எங்கே?

நல்ல கேள்வி சார். ஆல் இந்தியா ரேடியோவின் பர்மிய மொழிச் சேவை இங்கே டெல்லியிலிருந்துதான் ஒலிபரப்பானது. 1962இல் ராணுவத்தால் கவிழ்க்கப்பட்ட பிரதமர் ஊ நூவின் மகள் ‘தான் தான் நூ’ அதில் வேலை பார்த்தார். ராணுவத்தை விளாசித் தள்ளியது அந்த வானொலி. பிபிசியைப் போலவே அதையும் பர்மாவில் ரகசியமாகக் கேட்டார்கள். தப்பி வந்த மாணவர்களுக்கும் அன்றைய ராஜீவ் காந்தி அரசு கதவைத் திறந்தே வைத்தது.

தொண்ணூறுகளில் காற்று திசைமாறியது. வடகிழக்குத் தீவிரவாதக் குழுக்களை அடக்க ராணுவத்தின் தயவு தேவை என்றார்கள், சீனாவிடம் பர்மாவை விட்டுக்கொடுக்கக் கூடாது என்றார்கள், எரிவாயுவும் சேர்ந்துகொண்டது. 2007இல் பிக்குகள் ஊர்வலம் போய்க்கொண்டிருந்த அதே நாட்களில் நம் பெட்ரோலிய அமைச்சர் முரளி தேவ்ரா அங்கே எரிவாயு ஒப்பந்தங்களுக்காகப் போயிருந்தார். 2021 மார்ச் 27 ராணுவ தின அணிவகுப்புக்குப் பிரதிநிதி அனுப்பிய எட்டு நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அன்று ஒரே நாளில் நூறு பேருக்கு மேல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எல்லைப் பாதுகாப்புக்காக என்ற வாதம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் அந்த மேடைக்கு நாம் போயிருக்கக் கூடாது. அப்படி அனுசரித்தும் எல்லை அமைதியாகிவிடவில்லை.

கேள்வி (துவாரகா): ஐ.நா. ஏன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது?

பாதுகாப்பு மன்றத்தில் சீனா, ரஷ்யாவுக்கு வீட்டோ (தீர்மானத்தை ரத்து செய்யும் அதிகாரம்) இருக்கிறது. 2007 ஜனவரியில் அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானத்தை இரண்டும் சேர்ந்து விழவைத்தன. 2021 ஜூனில் பொதுச்சபையில் 119 நாடுகள் ராணுவத்துக்கு எதிராக வாக்களித்தன, பெலாரஸ் மட்டும் எதிர்த்தது, 36 நாடுகள் ஒதுங்கின. இந்தியாவும் ஒதுங்கியது. ஆனால் பொதுச்சபைத் தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாது. 2022 டிசம்பரில் பாதுகாப்பு மன்றம் ஒருவழியாகத் தீர்மானம் நிறைவேற்றியது. அதில் சீனா, ரஷ்யாவோடு இந்தியாவும் வாக்களிக்கவில்லை. தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் வன்முறையை நிறுத்த 2021 ஏப்ரலில் போட்ட ஐந்து அம்ச உடன்பாட்டை ராணுவம் கண்டுகொள்ளவே இல்லை.

கொஞ்சமாவது வலித்தது பணம் நின்ற இடத்தில்தான். 2022 ஜனவரியில் எண்ணெய் நிறுவனங்களான டோட்டல் எனர்ஜிஸும் செவ்ரானும் மியான்மரிலிருந்து வெளியேறுவதாக அறிவித்தன. அடுத்த மாதமே ஐரோப்பிய ஒன்றியம் மியான்மரின் அரசு எண்ணெய், எரிவாயு நிறுவனத்தின் மீது தடை போட்டது.

கேள்வி (லஜ்பத் நகர்): ஆங் சான் சூகியை விட்டால் வேறு செய்தியே இல்லையா?

2021இல் ராணுவம் கவிழ்த்த அரசின் தலைவரான அவர் இங்கே லேடி ஸ்ரீராம் கல்லூரியில் படித்தவர் என்பதால் டெல்லிப் பத்திரிகைகளுக்குத் தனிப் பாசம். ஆனால் ஒரு நாட்டின் போராட்டத்தை ஒரே முகமாகச் சுருக்கியது ஊடகங்கள் செய்த பிழை. 2017இல் ரோஹிங்கியா முஸ்லிம்களை ராணுவம் விரட்டியபோது அவர் அதைக் கண்டிக்காததால் அந்த முகம் மங்கியது, கூடவே மக்கள் மீதிருந்த அனுதாபமும் குறைந்தது. 2021இல் தெருவில் முன்னால் நின்றவர்கள் ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள், டாக்டர்கள், ரயில்வே ஊழியர்கள்.

கேள்வி (மயூர் விகார், இல்லத்தரசி): டெல்லியிலேயே பர்மாக்காரர்கள் இருக்கிறார்களாமே, அவர்கள் நிலை என்ன அக்கா?

விகாஸ்புரி, உத்தம் நகர் பக்கம் மியான்மரின் சின் இன மக்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சின்னச் சின்ன வாடகை அறைகள், கிடைத்த வேலை. 2021இல் ஜந்தர் மந்தரில் பதாகை பிடித்தவர்களும் அவர்கள்தான். 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை, அதனால் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அட்டைதான் அவர்களுக்குத் துணை. 2021 மே மாதம் மணிப்பூர் உயர் நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு கொடுத்தது. மணிப்பூர் எல்லை ஊரான மோரேயில் சிக்கியிருந்த ஏழு மியான்மர்வாசிகள் டெல்லிக்கு வந்து அந்த ஆணையத்தை அணுகலாம் என்றது. அவர்களில் மிஸிமா பத்திரிகையாளர்களும் உண்டு. மிஸிமா பிறந்ததே 1998இல் இந்த டெல்லியில்தான்! மத்திய அரசு எல்லையை அடைக்கச் சொன்னபோதும், தங்கள் உறவுக்காரர்கள் என்று சொல்லி மிசோரம் ஆயிரக்கணக்கானவர்களுக்கு இடம் கொடுத்தது.

கேள்வி (ஆர்.கே.புரம்): தமிழ் ஊடகங்கள் இதை ஏன் பெரிதாக எடுக்கவில்லை?

பர்மா என்றால் 1960களில் கடைகள் அரசுடைமை ஆனபோது கப்பலேறி வந்த நம் ஆட்கள், மோரேயில் தங்கிவிட்ட தமிழர்கள் என்ற நினைவோடு நிறுத்திக்கொள்கிறோம். யாங்கூனிலும் பாகோவிலும் இன்றும் தமிழர்கள் வாழ்கிறார்கள். அதே ராணுவத்தின் கீழ்தான் வாழ்கிறார்கள்.

கேள்வி (நொய்டா): எந்தச் செய்தியை நம்புவது?

இராவதி, மியான்மர் நவ், மிஸிமா, டிவிபி நான்கும் ஆங்கிலத்திலும் வருகின்றன. கொல்லப்பட்டவர்கள், கைதானவர்கள் கணக்குக்கு அரசியல் கைதிகள் உதவிச் சங்கத்தின் பட்டியலைப் பாருங்கள்; பெயரோடு இருக்கும். வாட்ஸ்அப்பில் வரும் படத்தில் தேதி இல்லையென்றால் அனுப்பாதீர்கள், 2007 படம் 2021 என்று சுற்றுகிறது. 2025இல் அமெரிக்கா வெளிநாட்டு நிதியுதவியை நிறுத்தியதில் நாடு கடந்து இயங்கும் இந்த ஊடகங்கள் தள்ளாடுகின்றன. முடிந்தவர்கள் ஒன்றுக்காவது நன்கொடை அனுப்புங்கள்.