நிறம் எங்கிருந்து வந்தது?

கேள்வி: ஹாலிவுட் சூப்பர் ஹீரோ படங்களில் கறுப்பர்களும் ஆசியர்களும் நாயகர்களாக வருவதைக் கல்லூரியில் படிக்கும் என் மகன் பெரிய விஷயமாகப் பேசுகிறான். வீட்டில் தினமும் வாக்குவாதம். பறக்கத் தெரிந்தவன் ஹீரோ, அடிக்கத் தெரிந்தவன் ஹீரோ. இதில் நிறம் எங்கிருந்து வந்தது? வேண்டுமென்றே திணிக்கிறார்கள் என்பது என் கருத்து. அமெரிக்காக்காரன் பிரச்சினையை நாம் ஏன் தலையில் தூக்கிவைத்துக்கொள்ள வேண்டும்?
- ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை (பாலக்காடு மாவட்டம், கேரளம்)

பதில்: நான் உங்கள் மகன் கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நிறத்தை யாரும் புதிதாகக் கொண்டுவரவில்லை. முதல் நாளிலிருந்தே அது அங்கே இருக்கிறது. 1938-ல் வெளிவந்த சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் இருவரும் ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். அவர்கள் எழுதிய கதை என்ன? அழிந்துபோன ஓர் உலகத்திலிருந்து தப்பி வந்த குழந்தை, வேறு ஊரில், வேறு பெயரில், தான் யார் என்பதை மறைத்துக்கொண்டு வளர்கிறது. ஜோ சைமனோடு சேர்ந்து கேப்டன் அமெரிக்காவைப் படைத்த ஜாக் கிர்பிக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஜேக்கப் கர்ட்ஸ்பெர்க். அந்தக் கதையின் முதல் இதழ் அட்டையில் ஹிட்லரின் முகத்தில் குத்து விழுகிறது. அமெரிக்கா அப்போது போரிலேயே இறங்கியிருக்கவில்லை. இனம் என்ற விஷயத்தைக் கழித்துவிட்டால் இந்தக் கதைகளில் பாதி மிஞ்சாது.

ஆனால், தங்கள் பெயரையே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்த காலத்தில் அவர்கள் தங்கள் நாயகனுக்குக் கொடுத்தது அமெரிக்கா மறுப்பில்லாமல் ஏற்றுக்கொள்ளும் வெள்ளை முகத்தை. அதையே பல பத்தாண்டுகள் பார்த்துப் பார்த்து, அது நிறமே இல்லாத முகம் மாதிரி நமக்குப் பழகிவிட்டது. அதனால்தான் வேறொரு முகம் வந்ததும் 'திணிக்கிறார்கள்' என்று தோன்றுகிறது. முதலில் வைத்த முகமும் யாரோ உட்கார்ந்து முடிவு செய்ததுதானே?

பிளாக் பாந்தர் என்ற கறுப்பு நாயகன் 1966-லேயே காமிக்ஸில் வந்துவிட்டது. தனிப் படமாக வர 2018 ஆனது. நடுவில் 1998-ல் கறுப்பு நடிகர் வெஸ்லி ஸ்நைப்ஸ் நடித்த 'பிளேடு' மாதிரி சில படங்கள் வந்தன, மறுக்கவில்லை. ஆனால் 'பிளாக் பாந்தர்' படத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது நாயகனின் தோல் நிறம்கூட இல்லை, அவன் பேச்சு. நாயகனாக நடித்த சாட்விக் போஸ்மன், தன் பாத்திரம் ஆப்பிரிக்க உச்சரிப்பில்தான் ஆங்கிலம் பேச வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். யாருக்கும் அடிமைப்படாத நாட்டின் அரசன், ஐரோப்பாவில் போய்ப் படித்துவந்தவன் மாதிரி ஏன் பேச வேண்டும் என்பது அவர் வாதம். அவருக்கு அப்பாவாக வரும் தென்னாப்பிரிக்க நடிகர் ஜான் கனியின் தாய்மொழி கோசா. அந்த மொழியே, படத்தில் அவர்கள் ஆளும் வகாண்டா என்ற நாட்டின் மொழி ஆனது. கற்பனை நாட்டுக்கு நிஜமான ஒரு மொழி. படம் உலகம் முழுக்க நூறு கோடி டாலருக்கு மேல் வசூலித்தது, உடை வடிவமைப்பு உட்பட மூன்று ஆஸ்கர் வாங்கியது. உச்சரிப்பு புரியவில்லை என்று யாரும் எழுந்து போய்விடவில்லை.

அதே ஆண்டில் வந்த ஸ்பைடர்மேன் அனிமேஷன் படத்தில் மைல்ஸ் மொராலிஸ் என்ற பையன் வருகிறான். அப்பா கறுப்பர், அம்மா போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்தவர். வீட்டில் அம்மா ஸ்பானிஷ் பேசுகிறார், வெளியே ஆங்கிலம். உங்கள் வீட்டுக் கதை இல்லையா இது? வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீஸில் மலையாளம் என்று வளர்ந்த உங்கள் மகனுக்கு அந்தப் பையனைப் பார்த்ததும் ஏதோ பிடிபட்டிருக்கிறது. அதைத்தான் அவன் உங்களிடம் சொல்லிப் பார்க்கிறான்.

சரி, அமெரிக்காவை விடுங்கள். படம் பார்க்க ஒரு வாரம் பாலக்காடு, மறு வாரம் பொள்ளாச்சி என்று போகிறவர்கள் நாம். மலையாளப் படத்தில் தமிழ் பேசிக்கொண்டு வருகிறவன் பெரும்பாலும் யார்? லாரி டிரைவர், திருடன், கூலிக்கு வெட்டுகிறவன், வட்டிக்குப் பணம் கொடுக்கும் அண்ணாச்சி. அவன் வாயைத் திறந்ததும் தியேட்டரில் சிரிப்பு எழும். நம் பிள்ளைகள் அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்கள் எங்கிருந்தோ வந்தவர்கள் இல்லை. தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருப்பவர்கள், ரேஷன் கார்டும் ஓட்டும் கேரளத்தில். திரையில் மட்டும் இவர்கள் விருந்தாளிகூட இல்லை, வேலையாள்.

மலையாள சூப்பர் ஹீரோ படங்களில் பெரிதாகப் பேசப்பட்ட இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2021-ல் 'மின்னல் முரளி': நாயகன் டொவினோ தாமஸ், வில்லன் நம் குரு சோமசுந்தரம். 2025-ல் 'லோகா': நாயகி கல்யாணி பிரியதர்ஷன், எதிரியாக வரும் போலீஸ் அதிகாரி நம் சாண்டி மாஸ்டர். சதி என்று சொல்ல மாட்டேன். இருவருமே அருமையாக நடித்தார்கள், அந்த வேடங்கள் அவர்களுக்குக் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம். அதிலும் 'மின்னல் முரளி'யின் ஷிபு வெறும் வில்லன் இல்லை. டீக்கடையில் வேலை செய்கிறவன், ஊரே பைத்தியம் என்று ஒதுக்கியவன், வருஷக்கணக்காக ஒரே பெண்ணை மனதில் வைத்துக் காத்திருப்பவன். அந்தப் பாத்திரத்துக்கு ஒரு வாழ்க்கையை எழுதியிருந்தார்கள். அதனால்தான் படம் முடிந்த பிறகும் ஹீரோவைவிட அவன் முகம் மனதில் நிற்கிறது. நான் கேட்பது இவ்வளவுதான்: அந்தப் படத்தில் சக்தி கொடுத்த மின்னல் நாயகன், வில்லன் இரண்டு பேர் மீதும்தான் விழுந்தது. அடுத்த முறை ஊரைக் காப்பாற்றுகிறவன் நம் பாலக்காட்டுச் சித்தூர்த் தமிழ் பேசினால் என்ன?

மலையாளிகளை மட்டும் குற்றம் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது. ரஜினிகாந்தையும் விஜயகாந்தையும் கறுப்பாகவே கொண்டாடிய தமிழ் சினிமா, கதாநாயகிக்கு மட்டும் இன்றும் வெளுப்பு தேடி மும்பைக்கு ஓடுகிறது. கிராமத்துப் பெண் வேடம் என்றால் வெளுத்த நடிகைக்குக் கருப்பு மேக்கப் போடுகிறார்கள். அந்த நிறத்திலேயே பிறந்து, நடிக்கவும் தெரிந்த பெண்கள் வாய்ப்புக் கேட்டு நடந்துகொண்டிருக்கிறார்கள். இதுவும் நிறத்தைத் திணிப்பதுதான். இதற்கு உங்கள் வீட்டில் வாக்குவாதம் நடந்ததா?

ஒரு விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். ஆளை மட்டும் மாற்றிவிட்டு, அவனுக்கு வீடும் மனிதர்களும் எழுதாமல் விட்டால் அது வெறும் கணக்குக் காட்டல். 2015-ல் வந்த 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' படத்தில் வெள்ளைக்காரனாக இருந்த ஒரு பாத்திரத்தைக் கறுப்பு நடிகருக்குக் கொடுத்தார்கள். கதையில் உயிர் இல்லை, படம் ஓடவில்லை. பழியை மட்டும் அவருடைய நிறத்தின் மேல் போட்டவர்கள் இருந்தார்கள்.

நம் பக்கத்தில் எழுதுவதற்கு ஆள் இல்லையா? 2015-ல் மூணாறில் தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண்கள், தங்கள் தொழிற்சங்கத் தலைவர்களையே தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு நடுரோட்டில் உட்கார்ந்தார்கள். பத்து சதவீதமாகக் குறைத்த போனஸுக்குப் பதிலாக இருபது சதவீதம் கொடுக்க நிர்வாகம் இறங்கி வந்தது. கொழுந்து கிள்ளும் பெண்ணுக்கு ஒரு சக்தி கிடைத்தால் என்ன செய்வாள் என்று யோசிக்க ஹாலிவுட் வரை போக வேண்டியதில்லை.

உங்கள் மகன் அப்படி ஒரு கதை எழுதினால் எங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் பேசுகிற தமிழிலேயே எழுதட்டும், ஒரு வார்த்தையையும் திருத்தாமல் போடுகிறேன்.