மல்டி டூல் வாங்கலாமா?

கேள்வி: வீட்டு மராமத்து வேலைகளை நானே செய்கிறேன். டிரில், ஜிக்சா, சின்ன கிரைண்டர் இருக்கின்றன. பழைய தரைமேலேயே டைல்ஸ் ஒட்டப்போவதால் மூன்று மரக் கதவு நிலைகளின் அடியை அறுக்க வேண்டும். இதற்காக ஆசிலேட்டிங் மல்டி டூல் வாங்கினால் தண்டச் செலவாகுமா?

பதில்: இந்த மூன்று நிலைகளுக்காக மட்டும் என்றால் வாங்க வேண்டாம். பொறுமை இருந்தால் கைரம்பமே போதும். ஆனால் கிரைண்டரில் மரம் அறுக்கும் பிளேடை மாட்டி முயற்சி செய்யாதீர்கள். அது மரத்தில் சிக்கி உங்கள் பக்கமே எகிறும்.

மல்டி டூலின் பிளேடு சுழலாது. மூன்று, நான்கு டிகிரி அளவுக்குத்தான் இடவலமாக ஆடும், ஆனால் நிமிடத்துக்கு 10,000 முதல் 20,000 தடவை. மருத்துவமனையில் மாவுக்கட்டைப் பிரிக்கும் ரம்பமும் இதே முறைதான். அது தோலை வெட்டாது என்பதை நம்பி இதன் பக்கத்தில் விரலை வைத்துவிடாதீர்கள். மரம் வெட்டும் பல் கூர்மையானது, விரலைக் கிழித்துவிடும்.

இந்தச் சின்ன ஆட்டத்தால் மற்ற கருவிகள் நுழையாத இடத்தில் இது நுழைகிறது. உங்கள் நிலையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டைலைக் கவிழ்த்துத் தரையில் வைத்து, பசையின் கனத்துக்கு அடியில் ஏதாவது கொடுத்து, அதன்மேல் பிளேடைப் படுக்கவைத்து அறுத்தால் புது டைல் அப்படியே உள்ளே போய்விடும். பொருத்திவிட்ட பிளைவுட் அலமாரியின் நடுவில் சதுரமாகத் துளை போடுவது, சுவரோடு ஒட்டி நீட்டிக்கொண்டிருக்கும் குழாயை அறுப்பது, டைல்ஸ் இடுக்கில் அடைத்திருக்கும் பழைய கிரவுட்டைச் சுரண்டுவது எல்லாம் இதற்கு ஏற்ற வேலைகள். நீளமான நேர்வெட்டுக்கும் பெரிய பலகையைத் தேய்ப்பதற்கும் இது வேண்டாம். கை மரத்துப்போகும், வெட்டும் கோணலாகும். அடுத்த ஓராண்டில் செய்யப்போகும் வேலைகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இதற்கு ஏற்றவை என்று நான் சொன்ன வகையில் நான்கைந்து தேறினால் தாராளமாக வாங்குங்கள்.

செலவு கருவியோடு முடிவதில்லை. பிளேடுதான் பணத்தை விழுங்கும். மரத்துக்கான சாதா பிளேடை ஒரு பழைய சட்டத்தில் வைத்தேன்; உள்ளே ஆணி இருந்தது தெரியவில்லை. சில நொடிகளில் பல் மழுங்கிவிட்டது. பழைய மரத்துக்கு இரண்டு உலோகம் சேர்த்துச் செய்த பைமெட்டல் பிளேடு, கிரவுட்டுக்கும் கடினமான திருகுகளுக்கும் அதைவிடக் கடினமான கார்பைடு பிளேடு வாங்குங்கள். உலோகத்தை அறுக்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் பிளேடு வீணாகும். அதனால் வேகக் கட்டுப்பாடு இல்லாத மாடலைத் தொடவே வேண்டாம்.

பிளேடு மாட்டும் அமைப்பையும் கவனியுங்கள். ஃபைன், பாஷ் நிறுவனங்கள் 2016-இல் கொண்டுவந்த ஸ்டார்லாக் பிடிமானம் உறுதியானது, மாட்டுவதும் சுலபம். ஆனால் சாதா ஸ்டார்லாக் கருவியில், அதைவிட சக்தி கூடிய கருவிகளுக்கான ஸ்டார்லாக் பிளஸ், மேக்ஸ் பிளேடுகள் பொருந்தாது. எந்த பிளேடு உங்களுக்கு எளிதாகக் கிடைக்கிறது என்று பார்த்துவிட்டு, அப்புறம் கருவியைத் தேர்ந்தெடுங்கள்.

உங்கள் டிரில் பேட்டரியில் ஓடுவதாக இருந்தால், அதே பேட்டரி பொருந்தும் மல்டி டூலை வெறும் கருவியாக மட்டும் வாங்கலாம், செலவு குறையும். இல்லையென்றால் வயர் உள்ளதே நல்லது. கிரவுட் சுரண்டும் வேலை நீளும், பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். அந்தத் தூசியில் சிலிகா இருக்கும். நுரையீரலுக்குக் கெடுதல். நல்ல முகக்கவசத்தையும் காது அடைப்பானையும் கருவியோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.