மிஸ்ஸியிடம் கேளுங்கள்: எத்தனை பேரில் எத்தனை?

கொரோனா காலத்தைப் பற்றி மனதில் இன்னும் கிடக்கும் கேள்விகளை எழுதி அனுப்புங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. ஆறு கடிதங்களை மட்டும் எடுத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. 31 வருடம் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கிய குடும்பநல உத்தியோகத்தர், தோட்டத்து வழக்கில் மிஸ்ஸி. பதிலும் அந்த இடத்திலிருந்துதான் வரும்.

மஸ்கெலியாவிலிருந்து ஓர் உயர்தர மாணவர்: மிஸ்ஸி, 2021 ஆகஸ்டில் எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து நான்கு பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மூன்று பேர் ஊசி போட்டவர்கள். போடாதவர் ஒருவர்தான். ஊசி போட்டவர்களுக்குத்தான் வருத்தம் வந்தது என்று மாமா இன்றைக்கும் சொல்கிறார். கணக்கைப் பார்த்தால் அவர் சொல்வது சரி மாதிரித்தானே இருக்கிறது?

தம்பி, மாமா எண்ணியதில் பிழை இல்லை. பாதிக் கணக்கோடு நிறுத்திவிட்டார், அவ்வளவுதான்.

கொழுந்து மடுவத்தில் நடப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தராசு 20 கிலோ காட்டும். சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கழித்துவிட்டுக் கணக்கப்பிள்ளை 17 என்று எழுதுவார். எத்தனை கிலோ கழித்தீர்கள், எதற்குக் கழித்தீர்கள் என்று கேட்காமல் நம்முடைய பெண்கள் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள். ஓர் எண்ணை அப்படியே வாங்கிக்கொள்ளாத அந்தப் பழக்கம்தான் இங்கேயும் வேண்டும். நோய்க் கணக்கில் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எத்தனை பேரில்?" என்பது.

ஒரு தோட்டத்தில் 1,000 பெரியவர்கள் என்று வைத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்காக நான் போடும் கணக்கு. 900 பேர் ஊசி போட்டுவிட்டார்கள், 100 பேர் போடவில்லை. தொற்று வருகிறது. ஊசி போட்டவர்களில் 9 பேரும் போடாதவர்களில் 5 பேரும் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் என்ன பேச்சு வரும்? "போன 14 பேரில் 9 பேர் ஊசி போட்டவர்களாம்!" அது உண்மைதான். ஆனால் அந்த 9 பேர் வந்தது 900 பேரிலிருந்து, அதாவது நூற்றுக்கு 1. அந்த 5 பேர் வந்தது வெறும் 100 பேரிலிருந்து, நூற்றுக்கு 5. ஊசி போடாதவருக்கு ஆபத்து ஐந்து மடங்கு. தோட்டத்தில் எல்லோருமே ஊசி போட்டிருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் எல்லோருமே ஊசி போட்டவராகத்தான் இருப்பார். அதை வைத்து ஊசிதான் நோயைக் கொடுத்தது என்று சொல்ல முடியுமா?

இப்போது உங்கள் லயத்துக்கு வாருங்கள். அந்த ஆகஸ்டில் அங்கே எத்தனை பெரியவர்கள் இருந்தார்கள், எத்தனை பேர் ஊசி போட்டிருந்தார்கள் என்று மாமாவோடு உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். வயதையும் பக்கத்தில் எழுதுங்கள். 65 வயது அம்மாவையும் 25 வயதுப் பையனையும் ஒரே தராசில் வைத்தால் கணக்கு கெட்டுப் போகும், ஏனென்றால் இந்த நோயில் ஆபத்தை ஏற்றியது முதலில் வயதுதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு லயத்தில் நான்கு பேர் என்பது மிகச் சிறிய எண். ஒருவர் இந்தப் பக்கம் மாறினாலே இரண்டுக்கு இரண்டு என்றாகிவிடும்.

நம் பக்கம் பெரும்பாலும் போட்டது சினோபார்ம் என்ற சீன ஊசி. அது 79 வீதம் பாதுகாப்புத் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னபோது, "அப்போ நூற்றுக்கு 21 பேருக்கு வருத்தம் வரும்தானே?" என்று பலர் என்னிடம் கேட்டார்கள். அப்படி இல்லை. ஊசி போடாத ஒரு கூட்டத்தில் 100 பேருக்கு வருத்தம் வரும் காலத்தில், அதே அளவான, ஊசி போட்ட கூட்டத்தில் 21 பேருக்கு வந்தது என்பதுதான் அதன் பொருள். அந்தச் சோதனைகள், டெல்டா என்ற உருமாறிய கிருமி பரவுவதற்கு முன்பு நடந்தவை. டெல்டா வந்த பிறகு, ஊசி போட்டவர்களுக்கும் தொற்று வருவது கூடியது. கடும் நோயையும் சாவையும் தடுப்பதில் ஊசி அதைவிட நன்றாக நின்றது. மாமா கண்ணால் கண்டதை நான் மறுக்கவில்லை. ஊசி போட்டும் வந்தது, உண்மை. அந்த மூன்று பேரும் வீட்டுக்குத் திரும்பி வந்தார்களா? அதைக் கடிதத்தில் எழுத மறந்துவிட்டீர்கள்.

ஹப்புத்தளையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: 2020 மார்ச் ஊரடங்கு தொடங்கியதிலிருந்து ஒவ்வோர் இரவும் வானொலியில் சொன்ன எண்ணிக்கையை ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வந்தேன். ஒரு நாள் குறையும், மறுநாள் ஏறும். சில இரவுகளில் அறிவித்த மரணங்களில் பல வாரங்களுக்கு முந்தியவையும் இருந்தன. நமக்குப் பொய் சொன்னார்களா?

ஐயா, அந்தக் கொப்பியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது உங்கள் பேரப்பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம்.

மரணம் நடந்த நாள் ஒன்று, அறிவித்த நாள் வேறொன்று. வீட்டில் இறந்தவரின் உடலில் பரிசோதனை செய்து, முடிவு வந்து, பத்திரங்கள் மேலே போய், சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகம் உறுதி செய்த பிறகுதான் வானொலிக்கு வரும். உங்கள் கொப்பியில் இருப்பது அறிவித்த நாள். தொற்றாளர் எண்ணிக்கையோ எத்தனை பேரைப் பரிசோதித்தார்கள் என்பதில் தொங்கியது. பரிசோதனை குறைந்தால் நோயாளியும் "குறைவார்".

ஏழு ஏழு நாளாகக் கூட்டி ஏழால் வகுத்துப் பாருங்கள். ஏற்ற இறக்கமெல்லாம் அடங்கி, மலை மாதிரி ஒரு கோடு தெரியும். அதன் உச்சி 2021 ஆகஸ்ட் கடைசியில் இருக்கும். நாளுக்கு 200க்கு மேல் மரணம் அறிவித்த நாட்கள் அவை. ஆகஸ்ட் 20ஆம் திகதி நாட்டை மூடி, ஒக்டோபர் 1ஆம் திகதி திறந்தார்கள். மூடியதை நான் எதிர்க்கவில்லை, பிந்தியதுதான் எனக்கு வலி. ஆஸ்பத்திரி விறாந்தையில் ஆட்களைப் படுக்க வைக்கும் நிலை வந்த பிறகு மூடினார்கள்.

மொத்தமாக 6 இலட்சத்து 70 ஆயிரத்துக்கு மேல் தொற்றாளர், 16,800க்கு மேல் மரணம். வகுத்தால் நூற்றுக்கு 2.5 வரும். தொற்று வந்த நூறு பேரில் இரண்டரைப் பேர் இறந்தார்கள் என்று அதைப் படிக்கக் கூடாது, ஐயா. கீழே இருப்பது பரிசோதனையில் பிடிபட்டவர்கள் மட்டும். இருமலோடு கொழுந்து எடுத்துவிட்டுப் பேசாமல் படுத்தவர்கள் அதில் இல்லை. 14 நாள் வீட்டோடு அடைத்தால் பேர் விழாது, சம்பளம் இல்லை என்று பயந்து மறைத்தவர்களை எனக்கே தெரியும். அவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். 10 அடிக்கு 12 அடி காம்பராவில் ஏழு பேரை வைத்துக்கொண்டு "தனியாக இருங்கள்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தவள் நான்.

தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகி: தினமும் கொத்தமல்லி அவித்துக் குடித்ததால்தான் எங்களுக்கு ஒன்றும் வரவில்லை. உண்மைதானே?

தொண்டைக்கு இதம், குடியுங்கள். நானும் குடிக்கிறேன். அது இந்தக் கிருமியைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. குடித்தும் வருத்தம் வந்த வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன்.

பொகவந்தலாவையிலிருந்து ஒருவர்: புறக்கோட்டையில் கடையில் நின்றபோது 2021 மார்ச்சில் கொவிஷீல்ட் (இந்தியாவில் செய்த அஸ்ட்ராசெனகா ஊசி) முதல் ஊசி போட்டேன். இரண்டாவது ஊசி இல்லை என்று மாதக்கணக்கில் அலைந்து ஆகஸ்டில் போட்டேன். அந்த ஊசியால் இரத்தம் உறையும் என்று கம்பனியே நீதிமன்றத்தில் ஒத்துக்கொண்டதாம். இப்போது கால் விறைக்கிறது. பயமாக இருக்கிறது.

தம்பி, பயத்தோடு எழுதியிருக்கிறீர்கள், அதனால் நேராகச் சொல்கிறேன். அந்தப் பக்கவிளைவு உண்மை. அது 2024இல் திடீரென்று வெளிவந்த இரகசியமும் இல்லை. 2021 ஏப்ரலிலேயே ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டாளர்கள் அதை அறிவித்துவிட்டார்கள். இரத்தம் உறைந்து, கூடவே குருதிச் சிறுதட்டுகளும் குறைவது அது. எத்தனை பேரில்? பிரித்தானியா போன்ற இடங்களில் முதல் ஊசி போட்ட ஒரு இலட்சம் பேரில் ஒருவர், இருவர் என்ற அளவு. இரண்டாவது ஊசிக்குப் பிறகு அதைவிடக் குறைவு. ஒரு இலட்சத்தில் ஒருவர் என்றாலும் அந்த ஒருவரின் வீட்டுக்கு அதுதான் முழுக்கணக்கு. அதனால்தான் பல நாடுகள் இளையவர்களுக்கு வேறு ஊசியைக் கொடுத்தன.

அது வருவதாக இருந்தால் ஊசி போட்டு ஒரு மாதத்துக்குள், மிஞ்சினால் ஆறு வாரத்துக்குள் வந்திருக்கும். வருடங்கள் கழித்து வருவதில்லை. இரண்டாவது ஊசிக்கு நீங்கள் அலைந்ததற்குக் காரணம், இந்தியாவில் தொற்று எரிந்தபோது ஏற்றுமதி நின்றது. ஜூலைக் கடைசியில் ஜப்பான் கொடுத்ததால்தான் ஆகஸ்டில் உங்களுக்குக் கிடைத்தது.

சரி, கால் விறைப்பு. அதை ஊசிமேல் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். சீனி, பிரஷர் இரண்டையும் இந்த வாரமே பாருங்கள். தோட்டத்தில் விறைத்த காலோடு வந்த பலருக்குச் சீனி இருந்ததைக் கண்டிருக்கிறேன். கால் ஒரு பக்கம் வீங்கி வலித்தால் நாள் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கம்பளையிலிருந்து ஒரு முஸ்லிம் வாசகர்: கொரோனாவில் இறந்த எங்கள் ஆட்களின் மையித்துகளை (உடல்களை) எரித்ததற்கு உண்மையிலேயே விஞ்ஞானக் காரணம் இருந்ததா?

இல்லை, நானா. 2020 ஏப்ரலில் எரிப்பதைக் கட்டாயமாக்கினார்கள். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அந்தக் காலத்திலேயே வழிகாட்டியிருந்தது. நிலத்தடி நீரில் கிருமி கலக்கும் என்றார்கள். அதற்கு ஆதாரம் காட்டப்படவில்லை. பிறந்து 20 நாளான குழந்தையைக்கூட எரித்தார்கள். 2021 பெப்ரவரி கடைசியில்தான் விதி மாறியது, மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. சுகாதாரத்தின் பெயரால் செய்த தவறு இது. எங்கள் வேலையின் பெயரை அது கெடுத்தது. அந்த மாதங்களில் ஒரு முஸ்லிம் வீட்டில் எனக்குக் கதவு திறக்கவில்லை. திறக்காததன் நியாயம் எனக்குப் புரிந்தது.

லிந்துலையிலிருந்து கொழுந்து எடுக்கும் ஒரு தாய்: மகள் 6ஆம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு ஊசி போடுகிறார்களாம். பிற்காலத்தில் பிள்ளை உண்டாகாமல் செய்யும் ஊசி என்று லயத்தில் பேசுகிறார்கள். கொரோனா ஊசிக்கும் இப்படித்தான் பேசினார்கள். கையெழுத்து வைக்கவா, வேண்டாமா? எனக்கு வயது 36.

தங்கச்சி, இந்தப் பயத்தை மூடநம்பிக்கை என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வராது. நானும் லயத்தில் பிறந்தவள். நம் தாத்தாமார் இந்தியாவிலிருந்து வரும் வழியில் மண்டபம் காம்பில் தங்கியபோது அம்மை ஊசி போட்டார்கள். சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. 1980களில் என் சின்னம்மாவைத் தோட்டத்து லொறியில் ஏற்றி, குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்குக் கொண்டு போனார்கள். கையில் 500 ரூபாய் கொடுத்தார்கள். இனிப் பிள்ளையே பிறக்காது என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் அவர் விளங்கிக்கொண்டார். அவருக்கு அப்போது 26 வயது. தோட்டத்துப் பெண் ஊசியைக் கண்டு பின்வாங்கினால், அதற்குப் பின்னால் இப்படி ஒரு கதை நிற்கிறது. கிளினிக்கில் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுத்தது இதைத்தான்.

அந்தக் கதை உண்மை. இந்த ஊசி பற்றிய பேச்சு உண்மையில்லை. இது எச்.பி.வி. என்ற வைரஸைத் தடுக்கும் ஊசி. கருப்பைக் கழுத்தில் வரும் புற்றுநோயில் ஏறக்குறைய எல்லாமே அந்த வைரஸால் வருவது. அது உடலில் தொற்றும் முன்பே ஊசி போட்டால்தான் முழுப் பலன், அதனால்தான் இந்தச் சின்ன வயது. இலங்கையில் 2017இலிருந்து போடுகிறார்கள், ஆறு மாத இடைவெளியில் இரண்டு என்றுதான் தொடங்கினார்கள். தோட்டத்துக்கு என்று தனி ஊசி இல்லை. கொழும்பில் பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் இதே ஊசிதான். 2006இலிருந்து உலகம் முழுவதும் கோடிக்கணக்கான பெண்பிள்ளைகளுக்குப் போட்டிருக்கிறார்கள், அவர்களில் எத்தனையோ பேர் இன்று தாய்மார். பிள்ளைப்பேற்றைக் கெடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இந்தப் புற்றுநோய் வந்து கருப்பையை எடுக்க வேண்டி வந்தால்தான் பிள்ளைப்பேறு போகும். அப்படிப் போன இரண்டு பேருக்கு நானே வீட்டில் மருந்து கட்டியிருக்கிறேன்.

கையெழுத்து வையுங்கள். வைப்பதற்கு முன் மகளோடு உட்கார்ந்து, இது என்ன ஊசி, எதற்கு என்று சொல்லுங்கள். அவளுடைய உடம்பு, அவளுக்குத் தெரிய வேண்டும். சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதி மிஸ்ஸியிடம் கேளுங்கள், பதில் சொல்வது அவருடைய கடமை. ஊசி போடும் நாளில் வெறும் தேத்தண்ணியோடு பிள்ளையை அனுப்ப வேண்டாம், ஒரு ரொட்டியாவது சாப்பிட்டுப் போகட்டும். இந்த வயதுப் பிள்ளைகள் பயத்திலும் பசியிலும் மயங்கி விழுவதுண்டு, அப்புறம் அதுவே அடுத்த வதந்தியாகிவிடும். போட்ட பிறகு கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கச் சொல்லுங்கள். கை கொஞ்சம் நோகும், இரண்டு நாளில் போய்விடும்.

உங்களுக்கு 36 என்று எழுதியிருக்கிறீர்களே, இதே புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க 35இல் செய்ய வேண்டிய பெப் பரிசோதனையைச் செய்தீர்களா? இல்லையென்றால் சுகவனிதையர் கிளினிக் எந்தக் கிழமை என்று மிஸ்ஸியிடம் கேளுங்கள். காசு இல்லை, ஐந்து நிமிட வேலை. பக்கத்துக் காம்பரா அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.